காடிகிட்ட வாங்க

பேராசிரியர் சலாவுதீனுக்குப் பூமியில் தெரியாத பிராணி கிடையாது. கொசுவின் காலில் எத்தனை முடி என்று கேட்டால், இடது காலா வலது காலா என்று திருப்பிக் கேட்பார். செம்பூர்க் கல்லூரி ஒன்றில் இருபது வருடமாக விலங்கியல் நடத்துகிறார். அங்கே அவர் பேசிய வார்த்தைகளை வரிசையாக அடுக்கினால் தாராவியிலிருந்து திருநெல்வேலி வரைக்கும் போய்ச் சேரும்; திரும்பி வர ரிசர்வேஷன் கிடைக்காது, அவ்வளவுதான் குறை. அப்பேர்ப்பட்ட மனிதரின் தொண்டையில் மூன்று வருடமாக ஒரே ஒரு வாக்கியம் மீன்முள் மாதிரி சிக்கிக் கிடந்தது. அதை மட்டும் அவரால் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அந்த வாக்கியம் தாவரவியல் ஆசிரியை ஆபிதாவுக்கு உரியது.

சலாவுதீனுக்கு வயது நாற்பத்தைந்து. மூன்று தங்கைகளையும் கட்டிக்கொடுத்து முடித்து, சரி, இனி நம்முடைய முறை என்று கண்ணாடியைப் பார்த்தபோது தலைமுடி அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிப் போயிருந்தது. ஆபிதாவுக்கு நாற்பது ஆக இன்னும் கொஞ்சம் பாக்கி. அவளைக் கட்டிக்கொண்ட மனிதர் ஜித்தாவுக்குப் போனவர், போனவர்தான். அவள் போன் போட்டுப் போட்டே ஒரு செல்போன் தேய்ந்து போயிற்று. கடைசியில் தலாக் மட்டும் ஊர் வந்து சேர்ந்தது. "இனிமே எந்த ஆம்பளைக்கும் போன் போட்டு எங்க இருக்கியன்னு கேக்க மாட்டேன். செத்து மையத்தானாலும் கேக்க மாட்டேன்" என்று ஆசிரியர் அறையில் ஒருநாள் அவள் சொன்னபோது, அங்கிருந்த மின்விசிறிகூட ஒரு சுற்று நின்று கேட்டுவிட்டுத்தான் சுற்றியது.

இரண்டு பேரும் தாராவிதான். ஒரே பேருந்து நிறுத்தம். மூன்று வருடமாகச் சேர்ந்தே இறங்கி, அவர் இடது பக்கமும் அவள் வலது பக்கமுமாகப் பிரிந்து போவார்கள். அவர் மனதுக்குள் வாக்கியத்தைத் திருத்திக்கொண்டே நடப்பார். முதல் வரைவில் "சேர்ந்து வாழும் உயிரினங்கள்" என்று ஆரம்பித்தது, கட்டெறும்பையும் அசுவினிப் பூச்சியையும் உதாரணம் காட்டியது. அதை அவரே கிழித்துப் போட்டார். இப்போது தேறியிருந்தது இதுதான்: "ஆபிதா, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வீட்டுச் சாவியா இருந்தா என்ன?" நல்ல வாக்கியம்தான். சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அந்த ஜனவரி மாதம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கோபர்கைரனேக்கு அப்பால் இருக்கிற கழிமுகக் காப்பகத்துக்கு அழைத்துப் போனார்கள். கண்டல் காடு, சேற்றுவெளி, வருடத்துக்கு வருடம் குஜராத் பக்கமிருந்து வந்து இறங்குகிற பூநாரைகள். இவற்றைப் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும் என்பது பாடத்திட்டம். பிள்ளைகளோ பாடத்திட்டத்தை அப்படியே வீட்டில் வைத்துவிட்டு, வெள்ளைவெளேரென்ற ஷூவும், ஒரு பட்டாளத்துக்கு ஆகிற வடாபாவும், அண்டசராசரமும் அதிர்கிற ஒரு ஸ்பீக்கரும் எடுத்து வந்திருந்தார்கள். பஸ் வாஷி பாலம் ஏறும்போது போட்ட சத்தத்தில் கீழே தண்ணீரில் இருந்த மீனெல்லாம் தாணே பக்கம் குடிபெயர்ந்திருக்கும்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் பக்கத்து வரிசையிலிருந்து ஆபிதா சொன்னாள்.

"இன்னைக்கு சாயந்தரம் வீட்டுக்கு ஆள் வாராங்க, சார்."

"என்ன ஆளு? கரண்ட்டு ஆபீஸா?"

"பொண்ணு பாக்க."

"யாரை?"

"எங்க உம்மாவை" என்றாள் ஆபிதா. "பின்ன யாரை? என்னையத்தான்."

சலாவுதீனின் நெஞ்சு ஒரு தவளை போல எம்பி, தொண்டைக்கு வந்து, அங்கே ஏற்கெனவே வாக்கியம் உட்கார்ந்திருந்ததால் இடமில்லாமல் திரும்பிப் போனது.

"கோபர்கைரனேல ப்ளைவுட் கடை வச்சிருக்காராம். சம்சாரம் மவுத்தாகி ரெண்டு வருசம். சின்னப் பொம்பளப் பிள்ளை ஒண்ணு இருக்கு. நல்ல மனுசர்னு சொல்லுதாங்க. அஸர் தொழுகைக்கு முன்னால நான் சரின்னா கெளம்பி வருவாங்க. இல்லன்னா இல்ல. உம்மா போனைக் கையிலயே வச்சிக்கிட்டு உக்காந்திருக்கு."

"நீங்க என்ன சொல்லப்போறிய?"

"அதத்தான் யோசிக்கேன்." அவள் அவரை நேராகப் பார்த்தாள். "யாருக்காச்சும் எங்கிட்ட எதாச்சும் சொல்லணும்னு இருந்தா, இன்னைக்குச் சொல்லிட்டா நல்லது."

இதற்கு மேல் ஒரு பெண்பிள்ளை தண்டோரா போட்டு, யானை மேல் வைத்து ஊர்வலம் விட்டா சொல்ல முடியும்? சலாவுதீன் வாயைத் திறந்தார். உலகம் காத்திருந்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார்.

"அந்தா பாருங்க, கண்டல். இங்கனருந்தே ஆரம்பிச்சிருது."

ஆபிதா கண்டலைப் பார்த்தாள். அவள் தாவரவியல். கண்டலை அவள் அதற்கு முன்னாலும் பார்த்திருக்கிறாள்.

காப்பகத்தில் மரப்பலகை பாவிய நீளமான நடைபாதை கண்டல் மரங்களுக்குள் புகுந்து போனது. இரண்டு பக்கமும் சேறு. சேற்றிலிருந்து மூச்சு வேர்கள் லட்சக்கணக்கில் பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டு நின்றன. அவற்றுக்கு நடுவில் சின்னச் சின்ன நண்டுகள். ஆண் நண்டுக்கு ஒரு கை மட்டும் உடம்பைவிடப் பெரிசு. அந்தக் கையைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டே இருந்தன.

"சர், யே க்யா கர் ரஹா ஹை?" என்று நண்டைக் காட்டி, அது என்ன செய்கிறது என்று இந்தியில் கேட்டான் அல்தாப். பெற்றோர் கடையநல்லூர்க்காரர்கள், இவனுக்குத் தமிழ் காதுக்குள் போகும், வாயிலிருந்து வராது.

"பொட்டை நண்டைக் கூப்பிடுது" என்றார் சலாவுதீன். "அது வளைக்குள்ளயே உக்காந்திருந்தா ஒண்ணும் நடக்காதுலா? வெளிய வந்து கை காட்டணும்."

"நண்டுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு" என்றாள் பின்னால் நின்ற ஆபிதா.

பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமலே அல்தாப்தான் அதிகம் சிரித்தான். சலாவுதீனின் காது இரண்டும் வாஷி ஸ்டேஷன் சிக்னல் மாதிரி சிவந்தன. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று அந்த இடத்தில், அந்த நண்டின் முன்னிலையில், அவர் முடிவு செய்தார்.

நீர் ஏறியிருந்தால்தான் படகு ஓடும். மதியம் நீர் ஏறியது. இரண்டு படகு, ஒவ்வொன்றிலும் காப்பகத்து வழிகாட்டி ஒருவர். கல்லூரி சார்பில் புது ஆசிரியை மாலதி கூடப் போவதாக ஏற்பாடு. மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பத்துப் பெண். சமஸ்கிருதமும் இந்தியும் அவள் வாயில் அட்சரம் பிசகாமல் வரும். படகுத்துறையில் ஒரே கூச்சல். மிதவைச் சட்டையைத் தலைகீழாக மாட்டியவன், ஷூவைக் கழற்றமாட்டேன் என்று அழுதவள், படகு கவிழுமா என்று படகோட்டியிடமே கேட்டவன் என்று அத்தனை பேரையும் மேய்த்து ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஆபிதா சலாவுதீனின் பக்கத்தில் வந்தாள். குனிந்து ஒரு பெண்ணின் மிதவைச் சட்டை வாரை இழுத்துக் கட்டியபடியே, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்:

"பிள்ளைகள ஏத்தி விட்டுட்டு காடிகிட்ட வாங்க. மாலதி பாத்துக்கிடுவா. ஒரு வார்த்தை பேசணும்."

அவர் தலையாட்டுவதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டாள்.

படகுகள் கிளம்பின. சலாவுதீன் கைக்குட்டையால் வழுக்கையைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். ஆபிதாவைக் காணோம். காடிக்கு, அதாவது பஸ்ஸுக்கு, முன்னாலேயே போய்விட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மரப்பாதையில் திரும்பி நடந்து, வெளிவாசலுக்கு அப்பால் மரநிழலில் நின்ற பஸ்ஸுக்கு வந்தார்.

பஸ்ஸில் ஆபிதா இல்லை. டிரைவர் மாரிசெல்வம்தான் கடைசி இருக்கையில் நீளமாகப் படுத்து, பஸ்ஸின் இன்ஜினைவிடக் கொஞ்சம் குறைச்சலான சத்தத்தில் உறங்கிக்கொண்டிருந்தார்.

"மாரிசெல்வம், எந்திரிங்க. போய் டீ குடிச்சிட்டு வாங்க."

"இப்பத்தான சார் குடிச்சேன்."

"இன்னொண்ணு குடிங்க."

"வயிறு எரியும்லா."

"அப்ப பால் குடிங்க. போங்க."

மாரிசெல்வம் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். சலாவுதீன் முன்வரிசை இருக்கையைத் துடைத்தார். பிறகு அதற்குப் பக்கத்து இருக்கையையும் துடைத்தார். வடாபாவ் காகிதங்களைப் பொறுக்கி ஒரு பையில் போட்டு, பையைக் கண்ணில் படாமல் வைத்தார். ஜன்னல்களைத் திறந்துவிட்டார். அந்த பஸ் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாளில்கூட அவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது. எல்லாம் முடிந்ததும் வாக்கியத்தை வெளியே எடுத்து ஒத்திகை பார்த்தார்.

"ஆபிதா, நம்ம ரெண்டு பேருக்கும்..." இருக்கை பதில் சொல்லவில்லை. தொண்டையைச் செருமினார். "ஆபிதா, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வீட்டுச் சாவியா இருந்தா..."

"யார்ட்ட சார் பேசுதிய?" ஜன்னலுக்குக் கீழே மாரிசெல்வம் நின்றார். "பர்ஸ மறந்துட்டேன்."

"போன்ல."

"போனு உங்க பையில மினுங்குது, சார்."

"பர்ஸ எடுத்துக்கிட்டுப் போங்க, மாரிசெல்வம்."

நேரம் போனது. ஆபிதா வரவில்லை. வாசலிலிருந்து மரப்பாதை வரைக்கும் வெறிச்சென்று கிடந்தது. கழிப்பறைக்குப் போயிருப்பாள் என்று நினைத்தார். ஏதாவது செடியைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள் என்று நினைத்தார். இறங்கிப் போய்ப் பார்த்தால் என்ன என்று படிக்கட்டு வரை வந்தார். நாம் ஒரு பக்கம் போய் அவள் இன்னொரு பக்கம் வந்துவிட்டால்? திரும்பி வந்து உட்கார்ந்தார். போன் போடலாமா? பெண்பிள்ளை தானாக வருகிறேன் என்று சொல்லியிருக்கும்போது அவசரப்படுத்துவது மரியாதையா? போனை எடுத்தவர் திரும்ப வைத்தார்.

உள்ளுக்குள் இன்னொன்றும் நடந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லமாட்டார். அவள் வராத ஒவ்வொரு நிமிடமும் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. வந்தால் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் ஒரு பதில் சொல்வாள். இன்னும் வரவில்லை, ஆகையால் இன்னும் எல்லாமே நல்லபடியாக இருக்கிறது. துடைத்த இருக்கையில், நல்ல காற்றில், முழு வாக்கியத்தோடு உட்கார்ந்திருப்பது ராஜா மாதிரிதான் இருந்தது.

அந்த ராஜாங்கத்தை மாலதி வந்து முடித்துவைத்தாள். கணுக்கால் வரைக்கும் சேறு, முகமெல்லாம் வெயில்.

"சார், இங்கேயா உக்காந்துண்டிருக்கேள்? போட் வந்தாச்சு. ஃபிளமிங்கோ எல்லாம் எங்கேயோ தூரத்துல, ஊறுகாய் ஜாடில மிளகா மாதிரி தெரிஞ்சுது. பசங்க ஒரே புலம்பல்." பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தாள். "ஆபிதா மேடத்தோட நீங்க போகலையா?"

"அவங்களுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்."

"இங்கேயா? அவா அங்கேன்னா நிக்கறா. போட்டுத்துறைக்கு அந்தண்டை, மீன்பிடிக்கறவா படி ஒண்ணு இருக்கே, அங்கே. போட் கிளம்பறச்சே கையாட்டினேன். திரும்பி வரச்சேயும் அதே படில, அதே மாதிரி நின்னுண்டிருந்தா. நீங்க சண்டை கிண்டை போட்டேளோன்னு நினைச்சேன்."

சலாவுதீன் இருக்கையை விட்டு எழுந்தார். "காடிகிட்ட வாங்கன்னுதான சொன்னாங்க. நான் காடிலயேதான இருக்கேன்!"

மாலதி அவரைப் பார்த்தாள். பஸ்ஸைப் பார்த்தாள். கழி இருக்கிற திசையைப் பார்த்தாள். மெல்ல வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, சார். இந்தக் காடி இல்லை. அந்தக் காடி" என்றாள். இரண்டாவது காடியைச் சொல்லும்போது உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்து, காற்று வந்து மோதுகிறதைக் காட்டினாள்.

வண்டி, பஸ், ரயில் எல்லாவற்றுக்கும் இந்திக்காரர் சொல்வது ஒரு காடி. கடல் ஊருக்குள் கை நீட்டிக் கிடக்கிற கழிக்கு அவர்கள் சொல்வது இன்னொரு காடி. அவர்கள் வாயில் ஒன்று தொண்டையில் அழுந்திப் பிறக்கும், மற்றது மூச்சோடு சேர்ந்து பறக்கும். திருநெல்வேலி நாக்குக்கு அந்தச் சில்லறை வேலையெல்லாம் பழக்கமில்லை. எழுதிக் காட்டலாம் என்றால் நம் எழுத்திலும் இருப்பது ஒரே ஒரு கா. தாராவியில் ரயில் பாதையோரத்துச் சந்தில் பிறந்த சலாவுதீனுக்குக் காடி என்றால் தொட்டிலை ஆட்டிவிட்டுப் போகிற ரயில்; வளர்ந்த பிறகு பஸ். கழியைப் பற்றி அவர் வகுப்பில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறார், ஆனால் அங்கே அதற்கு கிரீக் என்று பெயர். ஆபிதா பிறந்தது அதே தாராவியின் இன்னொரு ஓரத்தில், மாஹிம் கழியை ஒட்டின குடிசையில். மழைக்காலத்தில் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து கட்டிலுக்கடியில் படுத்துக்கொள்கிற தண்ணீர் எதுவோ, அதுதான் அவளுக்குக் காடி.

பேராசிரியர் ஓடினார். தங்கை கல்யாணத்தில் பிரியாணி தீர்ந்துபோனதற்குக்கூட ஓடாதவர் ஓடினார். மரப்பாதை மத்தளம் மாதிரி அதிர்ந்தது. எதிரே வந்த மாணவர்கள் வாயைப் பிளந்து இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். சேற்றில் இருந்த நண்டுகள் சரித்திரத்திலேயே முதல் முறையாக நேராக நடந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஆபிதா படியிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தாள். காதில் போன்.

"சரிம்மா... ஆமா, சரின்னுதான் சொல்லுதேன். எத்தனை தடவ சொல்ல? சந்தோசமாத்தான் சொல்லுதேன். இங்கன காத்து, அதான் கொரலு அப்படி இருக்கு. வச்சிரு."

போனைப் பைக்குள் போட்டாள். அப்புறம்தான் அவரைப் பார்த்தாள்.

"காடி..." என்றார் சலாவுதீன். மூச்சு இரைத்தது. "நான் வந்து... காடில..."

"உக்காருங்க சார். விழுந்திராதிய."

"காடிகிட்ட வான்னிய."

"ஆமா. சொன்னேன். வந்து நின்னேன். நிக்க நிக்க காலடி வரைக்கும் தண்ணி வந்திச்சு. அப்புறம் எறங்கவும் ஆரம்பிச்சிட்டு."

"நான் பஸ்ல இருந்தேன், ஆபிதா. காடின்னா பஸ்ஸுன்னு நெனச்சிட்டேன். அப்பப் பிடிச்சு அங்கனயேதான் உக்காந்திருந்தேன். சீட்டெல்லாம் தொடச்சி வச்சிருந்தேன்."

ஆபிதா அவரை வெறித்துப் பார்த்தாள். "பஸ்ஸா?"

"பஸ்."

"அல்லாவே" என்றாள். "காடி! பஸ்ஸு!" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தார்கள். இந்த மூன்று வருடத்தில் அவர்கள் சேர்ந்து அப்படிச் சிரித்ததே இல்லை. சீட்டைத் தொடச்சியளா என்று கேட்டுச் சிரித்தாள். மாரிசெல்வத்தைப் பால் குடிக்க விரட்டியதைச் சொன்னார், அதற்கும் சிரித்தாள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. துப்பட்டாவின் நுனியால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அது நிற்கவில்லை. சிரிப்பு எங்கே முடிந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நான் பஸ்ல இல்லன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதுலா?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சுது."

"அப்ப ஏன் எறங்கி வந்து பாக்கல?"

அவர் திரும்பி, வந்த வழியைப் பார்த்தார். இரண்டு காடிக்கும் நடுவில் இருந்தது ஒரு மரப்பாதை மட்டும்தான். குழந்தை நடக்கிற தூரம்.

"காடி கெடக்கட்டும் சார்" என்றாள் ஆபிதா. "வார்த்தை மாறிப்போச்சு, சரி. சின்னப்பிள்ளைக்கும் நடக்கும். நான் நின்னு நின்னு பாத்தேன். இன்னும் கொஞ்ச நேரம், இந்தா வந்துருவாரு, பிள்ளைங்க யாராச்சும் பிடிச்சு வச்சிருக்கும்னு. அப்புறம் யோசிச்சேன். வரணும்னா மூணு வருசமா வந்திருக்கலாம்லா."

"இப்பவே உம்மாட்ட மறுபடியும் போன் போட்டு..."

"உம்மா இந்நேரம் தெருவுக்கே சொல்லிருக்கும். அவங்க கெளம்பிருப்பாங்க. அந்தப் பிள்ளை காலைலயிருந்து புதுச் சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்காம்." அவள் கழியைப் பார்த்தாள். நீர் இறங்கிக்கொண்டிருந்தது. "காத்துக் கெடக்குறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு என்னால அதச் செய்ய முடியாது."

சலாவுதீன் கம்பியை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார். தொண்டையில் அத்தனை வருடமாகக் கிடந்த முள் சொல்லிவைத்த மாதிரி அப்போதுதான் நழுவி நாக்குக்கு வந்தது. "ஆபிதா, நம்ம ரெண்டு பேருக்கும்..."

"சொல்லாதிய."

அவர் கம்பியை மறுபடி பிடித்துக்கொண்டார்.

"சொன்னா நான் கேட்டுருவேன் சார். கேட்டுட்டு அந்த வீட்ல போயி எப்படி இருப்பேன்?"

பின்னால் மரப்பாதையில் பிள்ளைகளின் சத்தம். "சர்! மேடம்! குரூப் ஃபோட்டோ!" என்று அல்தாப் கத்தினான். போனார்கள். நின்றார்கள். அந்தப் படத்தில் சலாவுதீன் வலது கோடியில் இருக்கிறார். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார், சிரிக்கச் சொன்னார்கள்.

திரும்பும்போது பஸ் அமைதியாக வந்தது. பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். மாலதி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, தான் செய்யாத தவறுக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். பிள்ளைகளைச் செம்பூரில் இறக்கிவிட்டு, தாராவிக்காரர்கள் இரண்டு பேரையும் மாரிசெல்வமே தொண்ணூறு அடி ரோட்டில் கொண்டுவந்து விட்டார். விளக்குப் போடுகிற நேரம். வழக்கமாகப் பிரிகிற இடத்தில் ஆபிதா, "வாரேன் சார்" என்றாள்.

"நானும் வாரேன்" என்றார் சலாவுதீன்.

"எங்க?"

"உங்க தெரு முக்கு வரைக்கும். கூட்டமா இருக்கு."

தாராவியில் என்றைக்குக் கூட்டமில்லை? ஆனால் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆட்டோக்களுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவே, தோல்பை மூட்டை சுமந்து வந்தவர்களுக்கு வழிவிட்டு விட்டு, பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். மூன்று வருடமாக அவர் இடது பக்கம் திரும்பிய இடம் பின்னால் போயிற்று. வலது பக்கம் இவ்வளவு கடைகள் இருப்பதே அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த நடை லண்டன் வரை நீண்டிருந்தாலும் அவர் நடந்திருப்பார். அது ஒரு மசூதி, இரண்டு பேக்கரி, ஒரு முட்டுச்சந்தோடு முடிந்துவிட்டது.

தெரு முக்கில் நின்று விடைபெறுவதாகத்தான் இருந்தது. அதற்குள் வீட்டு வாசலில் நின்ற மதீனா பீவி பார்த்துவிட்டார். ஆபிதாவின் உம்மா. கோழிக்குஞ்சு சைஸ், ஆனால் குரல் கேட்டால் டிராம்பே ஆலையில் சங்கு ஊதியதோ என்று ஆட்கள் வேலை முடிந்து கிளம்பிவிடுவார்கள்.

"யாரு? காலேஜ் சாரா? வாங்க சார், வாங்க! நல்ல நேரத்துக்கு வந்திய! பேச்சு முடிஞ்சிட்டு! எல்லாம் சரியாயிட்டு!"

உள்ளே ஆண்களின் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. கதவிடுக்கில் ரோஜா நிறச் சட்டை போட்ட ஒரு சிறுமி ஆபிதாவை மேலும் கீழும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆபிதா குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டாள். சிறுமி ஓடி உள்ளே மறைந்து, உடனே மறுபடி எட்டிப் பார்த்தாள்.

"நான் கெளம்புதேன்மா" என்றார் சலாவுதீன். "சும்மா வழில..."

"சீனி திங்காம எப்படிப் போவிய?" மதீனா பீவி ஒரு தட்டோடு வந்தார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. சம்பந்தம் பேசி முடிந்தால் வீடு தேடி வந்தவர் வாயில் சீனி போடாமல் விடுவதில்லை. சிட்டிகை போதும். மதீனா பீவிக்குச் சிட்டிகையெல்லாம் தெரியாது. அவர் அள்ளிய அள்ளில் ஒரு ரேஷன் கடையே காலியாகியிருக்கும். "கையை நீட்டுங்க. எம்மவளுக்குத் துவா செய்ங்க சார். உங்க கூடத்தான் தினம் வாரா போறா. அவ பட்ட பாடு உங்களுக்குத் தெரியாதது இல்ல."

சலாவுதீன் கையை நீட்டினார். கை நிறையச் சீனி. மதீனா பீவி எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அவர் அதை முழுசாகத் தின்றுதான் ஆக வேண்டும் என்பது போல. தின்றார். வாயில் கரைய நேரமில்லாமல் மென்றே தின்றார்.

"இனிக்குதா சார்?"

"நல்லா இனிக்குது" என்றார்.

"ஏட்டி, சாருக்குத் தண்ணி கொண்டா."

ஆபிதா உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் அவர் முகத்தைப் பார்த்து, தன் மேலுதட்டில் விரலால் தொட்டுக் காட்டினாள். மீசையில் சீனி ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். அவர் துடைத்தார். போய்விட்டதா என்று கேட்பது போல அவளைப் பார்த்தார்.

அதற்குள் உள்ளே இருந்து அவளைக் கூப்பிட்டார்கள். ஆபிதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போனாள்.